புதிய உரோமும் நம் தொண்டை நாடும்

முன்னுரை

கி.பி. 1453 என்னும் ஆண்டு, பள்ளியில் வரலாறு பயின்ற நம்மவர் பலருக்கும் நினைவிருக்கும். அவ்வாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் வசமாயிற்று. கிழக்கே செல்லும் நிலவழி அடைபட்டது. ஆகவே ஐரோப்பியர் கடல்வழி தேடினர். 1498இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினான். இந்நான்கு தொடர்களோடு பாடம் முடிந்துவிடும். கி.பி. 330 முதல் 1453 வரை 1123 ஆண்டுகள் நின்று நிலவிய ஒரு பேரரசை, அது மாண்ட நாளைக் கொண்டு மட்டுமே நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அந்த அரசு எவ்வாறு தோன்றிற்று, எதனால் நிலைத்தது, எதை விட்டுச் சென்றது என்னும் வினாக்கள் பாடத்தில் இடம்பெறுவதில்லை.

காஞ்சிக்கும் உத்திரமேரூருக்கும் அண்டையதான காவாந்தண்டலத்தில் வாழும் நமக்கு அத்தொலைதூர அரசோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு, அது நேரடியான படையெடுப்பாலோ அரச மணத்தாலோ வந்ததன்று. மிளகாலும் பொற்காசாலும் சட்டத்தாலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஏட்டாலும் வந்த தொடர்பு அது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிய உரோமின் தோற்றம்

கருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் குறுகிய நீர்வழியின் கரையில் பைசாந்தியம் என்னும் பழைய கிரேக்கக் குடியேற்றம் ஒன்று இருந்தது. மூன்று புறமும் நீர் சூழ்ந்த அவ்விடத்தைத் தேர்ந்து, கான்ஸ்டன்டைன் என்னும் உரோமப் பேரரசன் தன் பெயரால் புதிய தலைநகர் எழுப்பினான். கி.பி. 330 மே 11ஆம் நாள் அந்நகர் திறந்து வைக்கப்பெற்றது. அதனைப் 'புதிய உரோம்' என்றும் வழங்கினர். ஐரோப்பாவும் ஆசியாவும் எதிரெதிரே நோக்கும் இடம் அது. கப்பல் நிறுத்த இயற்கையே அமைத்துக் கொடுத்த 'பொற்கொம்பு' என்னும் துறையும் அங்கு உண்டு.

ஏறத்தாழ அக்காலத்தில், அதாவது 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காஞ்சியில் விஷ்ணுகோபன் என்னும் பல்லவன் ஆண்டான் என்பதைச் சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டால் அறிகிறோம். புதிய உரோமும் பல்லவர் காஞ்சியும் வரலாற்று மேடையில் ஒரே நூற்றாண்டில் முன்வந்தவை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

கி.பி. 395இல் பேரரசன் தியோடோசியஸ் மறைந்தபின் பேரரசு அவன் மைந்தர் இருவருக்கும் பங்கிடப்பட்டது. மேற்குப் பகுதி தள்ளாடிற்று. 408இல் கோத்தியர் தலைவன் அலாரிக் பழைய உரோம் நகரை முற்றுகையிட்டு மீட்புப்பொருள் கேட்டான். பொன், வெள்ளி, பட்டாடை, செந்தோல் ஆகியவற்றோடு அவன் பட்டியலில் இருந்த பொருளொன்று நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்வது: 3000 இராத்தல் மிளகு! நம் மேற்குமலைச் சரிவுகளில் காய்த்த மிளகு, உலகின் பெருநகர் ஒன்றின் உயிர்விலையில் ஒரு பகுதியாயிற்று. 476இல் மேற்குப் பேரரசின் கடைசி மன்னன் இறக்கப்பட்டான். கிழக்கு மட்டும் நின்றது.

அது நின்றதற்குக் காரணங்கள் சில. தலைநகரின் இருப்பிடம் ஒன்று. 413ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த பெருமதில் மற்றொன்று. அம்மதிலைப் பின்வந்த பகைவர் பலர் மோதிப் பார்த்துத் திரும்பினர். எகிப்து, சிரியா, சின்ன ஆசியா ஆகிய வளநாடுகளின் வரி வருவாய் மூன்றாவது. முறையாக ஊதியம் பெறும் அலுவலர் கூட்டமும் மாற்றுக் குறையாத நாணயமும் நான்காவது. வீரத்தால் மட்டும் அரசுகள் நிற்பதில்லை. கணக்கால் நிற்கின்றன என்பதற்கு இது சான்று.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். இன்று நாம் 'பைசாந்தியப் பேரரசு' என்கிறோம். அந்நாட்டு மக்கள் தம்மை ஒருநாளும் அவ்வாறு அழைத்துக்கொண்டதில்லை. கிரேக்க மொழி பேசியபோதும் தம்மை 'உரோமர்' என்றே கூறிக்கொண்டனர். பைசாந்தியம் என்ற பெயரை அப்பேரரசுக்கு வழக்காக்கியது, அது மறைந்து நூறாண்டு கழித்து, 1557இல் தொகுப்பு நூல் வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஹியரோனிமஸ் வுல்ப் என்பவராவார். இறந்தபின் பிறர் இட்ட பெயரால் ஓர் அரசு அழைக்கப்படுவது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஜஸ்டினியனும் சட்டமும்

527 முதல் 565 வரை ஆண்ட ஜஸ்டினியன் காலத்தில் பேரரசு உச்சநிலை எய்தியது. இத்தாலியையும் வட ஆப்பிரிக்காவையும் அவன் படைகள் மீட்டன. 532 முதல் 537 வரை, ஐந்தே ஆண்டுகளில், 'புனித ஞானம்' எனப் பொருள்படும் ஹாகியா சோபியா பேராலயம் எழுந்தது. தூணின்றி வானில் தொங்குவது போன்ற அதன் குவிமாடம் ஒருமுறை சரிந்து, 562இல் மீண்டும் கட்டி முடிக்கப்பெற்றது. நகரின் குடிநீருக்காக 336 தூண்கள் தாங்கும் நிலவறை நீர்த்தேக்கம் ஒன்றும் அவனால் அமைந்தது. ஏரியை நம்பி வாழும் நமக்கு, ஆலயத்தினும் இந்நீர்த்தேக்கமே அரசனின் அறிவை மிகுதியாகக் காட்டுவதாகத் தோன்றும்.

ஆயினும் மீட்ட நிலங்கள் நிலைக்கவில்லை. நிலைத்தது சட்டமே. ஆயிரமாண்டு காலம் சிதறிக்கிடந்த உரோமச் சட்டங்களையும் சட்ட வல்லுநர் கருத்துகளையும் டிரிபோனியன் என்னும் அறிஞன் தலைமையில் குழு அமைத்துத் தொகுப்பித்தான் ஜஸ்டினியன். 529இல் சட்டத்தொகை முதற்கண் வெளிவந்தது. 533இல் வல்லுநர் கருத்துகளின் திரட்டும் மாணவர்க்கான பாடநூலும் வந்தன. 534இல் சட்டத்தொகை திருத்தம் பெற்றது.

இவ்வரசனைப் புகழும்போது அவன் கறைகளையும் மறைத்தல் கூடாது. 532இல் தலைநகரில் மூண்ட 'நிகா' கலகத்தின்போது தேரோட்ட அரங்கில் திரண்ட மக்கள் பல்லாயிரவர் படைவீரரால் வெட்டுண்டனர். 529இல் ஏதென்சில் தொன்மையான மெய்யியல் கல்வி அவன் ஆணையால் நின்றது. 541இல் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் பேரரசின் மக்கள் வளத்தையே குலைத்தது.

மிளகும் பொற்காசும்

பாரசீகர் இடைநின்று பட்டு வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். அவர்களைத் தவிர்க்க, எத்தியோப்பியர் இந்தியரிடம் பட்டு வாங்கித் தமக்கு விற்கவேண்டும் என்று ஜஸ்டினியன் 531ஆம் ஆண்டளவில் தூது அனுப்பினான். இந்தியத் துறைகளுக்கு வரும் சரக்கைப் பாரசீக வணிகரே முந்திக்கொண்டு வாங்கியமையால் அம்முயற்சி பலிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார்.

6ஆம் நூற்றாண்டின் நடுவில் காஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் நூலொன்று எழுதினார். உலகம் தட்டையானது என்று நிறுவ முயன்ற நூல் அது. அக்கொள்கை இன்று யார்க்கும் வேண்டா. அதனிடையே அவர் தந்த வணிகச் செய்திகளோ விலைமதிப்பற்றவை. மிளகு விளையும் 'மாலே' நாட்டின் ஐந்து துறைகளையும், இலங்கையின் பெருவணிகத்தையும், சங்கு ஏற்றுமதியாகும் 'மரல்லோ' என்னும் துறையையும், 'கபேர்' என்னும் துறையையும் அவர் குறிக்கிறார். கபேர் என்பது காவிரிப்பூம்பட்டினமே என்பது அறிஞர் பலர் கருத்து.

அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று சுவையானது. இலங்கை மன்னன் அவையில் உரோம வணிகன் சோபட்ரசும் பாரசீகன் ஒருவனும் எதிர்ப்பட்டனர். யார் மன்னன் பெரியவன் என்று வாதம் எழுந்தது. இருவர் நாணயத்தையும் ஒப்பிடுமாறு சோபட்ரஸ் வேண்டினான். பாரசீகன் காட்டியது வெள்ளிக்காசு. உரோமன் காட்டியதோ ஒளிவிடும் பொற்காசு. இலங்கை மன்னன் உரோமனை யானைமேல் ஏற்றிச் சிறப்பித்தானாம். கதையில் மிகை இருக்கலாம். அப்பொற்காசின் மதிப்பில் மிகையில்லை. ஓர் உரோம இராத்தல் பொன்னுக்கு 72 காசு என்று கான்ஸ்டன்டைன் வகுத்த அளவும் மாற்றும் 11ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ மாறாமல் காக்கப்பெற்றன. எழுநூறு ஆண்டு தரம் குறையாத நாணயம் உலகில் அரிது.

நம் மண்ணே இதற்குச் சான்று தருகிறது. கருவூர், மதுரை, திருக்கோயிலூர் ஆகிய இடங்களில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளைத் திரட்டி ஆராய்ந்து, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூல் வெளியிட்டார். பொற்காசு செல்வர் பெட்டியில் உறங்கும். செப்புக்காசோ கடைத்தெருவில் கைமாறும். 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் இங்கு மிகுதியாகக் கிடைப்பதும், இலங்கையில் அவற்றைப் போன்றே உள்ளூரில் காசு அடித்தமையும், அக்காசுகள் சில்லறைப் புழக்கத்தில் இருந்திருக்கலாம் என எண்ணத் தூண்டுகின்றன. சங்ககால யவனர் வணிகத்தோடு உரோமத் தொடர்பு அற்றுப்போயிற்று என்னும் எண்ணத்தை இக்காசுகள் மறுக்கின்றன.

இரு நாடுகளிலும் மொழிமாற்றம்

7ஆம் நூற்றாண்டு இரு நாட்டுக்கும் புயற்காலம். 610 முதல் 641 வரை ஆண்ட ஹெராக்ளியஸ் பாரசீகரை வென்றான். வென்ற களைப்பு ஆறுமுன் அரேபியரிடம் சிரியாவை இழந்தான். 642இல் நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைக் கைப்பற்றினான். அதே ஆண்டில் அலெக்சாந்திரியாவை விட்டு உரோமப்படை வெளியேறியது. எகிப்து போனதோடு நம் கடலுக்கான நேர்வழியும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

குறுகிய அரசு அழிந்துவிடவில்லை, தன்னை மாற்றிக்கொண்டது. இலத்தீன் வழக்கொழிந்து, மக்கள் பேசிய கிரேக்கமே ஆட்சிமொழியாக நிலைபெற்றது. நீர்மேலும் எரியும் 'கிரேக்க நெருப்பு' என்னும் கருவியால் 717-718ஆம் ஆண்டு முற்றுகையினின்று தலைநகர் தப்பியது. ஏறத்தாழ அவ்வாண்டுகளில்தான் காஞ்சியில் இராசசிம்மன் கைலாசநாதர் கோயிலை எழுப்பினான். பல்லவரும் தொடக்கத்தில் பிராகிருதத்திலும் பின்னர் வடமொழியிலும் சாசனம் தந்து, அதன்பின் தமிழைச் சாசனத்துள் ஏற்றனர். ஆள்வோர் மொழி மக்கள் மொழியை நோக்கி இறங்கி வந்தபோது அரசு வேர்கொண்டது என்பதை இவ்விரு நாடுகளும் காட்டுகின்றன.

உத்திரமேரூர்க் கல்லும் தலைநகர் ஆணையும்

முதற் பராந்தகசோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர்ச் சபை இரண்டு தீர்மானங்களைச் செய்தது. அவற்றைத் தாங்கிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இன்றும் உள்ளன. 30 குடும்புகளாக ஊரைப் பகுத்து, குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் முதலியவற்றை அமைக்கும் முறையை அவை வகுத்தன. 35 வயது நிரம்பி 70 வயதுக்கு உட்பட்டோர், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையோர், தம் மனையில் வீடு கட்டி வாழ்வோர் ஆகியோரே தகுதியுடையவர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்.

இதற்குச் சில ஆண்டுகளே முன்னர், 912ஆம் ஆண்டை ஒட்டி, கான்ஸ்டான்டிநோபிளில் ஆறாம் லியோவின் பெயரால் 'நகராட்சித் தலைவர் நூல்' என்னும் ஆணைத்தொகுதி எழுந்தது. 22 பகுதிகள் கொண்டது அது. பத்திரம் எழுதுவோர், பொற்கொல்லர், பட்டு வணிகர், மெழுகுதிரி செய்வோர், ரொட்டி சுடுவோர், மீன் விற்போர் எனத் தொழிற்குழுக்களுக்கு விதி வகுத்தது. பத்திரம் எழுதுவோன் சட்டத்தை மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும். ரொட்டி சுடுவோரையும் அவர்தம் விலங்குகளையும் எந்த அரசாங்க ஊழியத்துக்கும் அழைத்தல் ஆகாது. ஊருக்கு உணவு தடைபடலாகாதன்றோ! நறுமணப் பொருள் விற்போர் அரண்மனை வாயிலருகே வரிசையாகக் கடையிடவேண்டும். அவர்கள் விற்கும் பொருள்களுள் முதலில் நிற்பது நம் மிளகு.

இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பது பயனுடையது. அங்கே விதி மேலிருந்து இறங்கியது. நகரத் தலைவன் கண்காணித்தான். இங்கே அரச ஆணையும் அதிகாரியின் முன்னிலையும் இருந்தபோதும், விதி ஊர்ச்சபையின் தீர்மானமாக எழுந்தது. அங்கே தொழில் செய்வோன் சட்டத்தின் பார்வையில் நின்றான். இங்கே சபையில் இடம்பெற்றோர் நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணரே. உழுதவரும் நெய்தவரும் பெண்டிரும் குடவோலையில் இடம்பெறவில்லை. இதனை மறைத்துவிட்டு உத்திரமேரூரை இன்றைய மக்களாட்சியின் தாய் என்று மட்டும் பேசுவது முழு உண்மையாகாது. எனினும், பொதுப்பணம் தொட்டவன் கணக்குக் காட்டவேண்டும் என்பதைக் கல்லில் வெட்டிவைத்த பெருமை நம் அண்டை ஊருக்கு என்றும் உண்டு.

ஏடு பெயர்த்தோர்

இனி இக்கட்டுரையின் மையச் செய்திக்கு வருவோம். கிரேக்க அறிவுச்செல்வம் நமக்குக் கிடைத்ததற்குப் பெருங்காரணம், கான்ஸ்டான்டிநோபிளில் ஏடு பெயர்த்தெழுதியோரின் உழைப்பாகும். 9ஆம் நூற்றாண்டில் பழைய பேரெழுத்து ஏடுகள் சிற்றெழுத்துக்கு மாற்றி எழுதப்பெற்றன. அரேதாஸ் என்னும் சமயத்தலைவர் 895இல் பிளேட்டோவின் நூல்களைப் படியெடுப்பித்தார். எழுதக் கூலி 13 பொற்காசு. தோலுக்கு 8 பொற்காசு என்று அவர் குறித்து வைத்த கணக்கு இன்றும் அந்த ஏட்டில் இருக்கிறது. ஏடு ஒன்றுக்கு அத்துணை விலை கொடுக்க ஒருவர் முன்வந்ததனால் பிளேட்டோ பிழைத்தார்.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடற்பயணம்' என்னும் நூலை நாம் அறிவோம். முசிறியையும் கொற்கையையும் குமரியையும் அந்நூல் கூறுகிறது. கமரா, பொதுகே, சோபட்மா என அது சுட்டும் கீழைத் துறைகளைக் காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு, மரக்காணத்தை ஒட்டிய சோபட்டினம் என்று அடையாளம் காண்பர். சங்க இலக்கியம் பாடும் யவனர் வணிகத்துக்கு அயலார் தந்த தலையாய சான்று இந்நூல். இதற்கு மூலமாக நின்ற கைப்படி உலகில் ஒன்றே ஒன்று. இலண்டனில் உள்ள மற்றொன்று அதைப் பார்த்து எழுதியதே. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிப் பைசாந்திய எழுத்தர் பெயர்த்தெழுதிய அந்தப் படி இன்று ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் உள்ளது.

எண்ணிப் பார்ப்போம். உத்திரமேரூரில் சிற்பி கல்லில் உளி வைத்த காலத்தை ஒட்டி, பல்லாயிரம் கல் தொலைவில், தமிழ் என்ற சொல்லையே கேட்டிராத எழுத்தர் ஒருவர், பொருள் விளங்கியும் விளங்காமலும் நம் துறைமுகப் பெயர்களைத் தோலில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் அன்று சோம்பியிருந்தால், நம் வரலாற்றின் ஒரு பக்கம் நமக்கு இல்லை. ஓலைச்சுவடிகளைக் கறையான் தின்னாமல் படியெடுத்துக் காத்த நம் முன்னோரையும், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரையும் நினைவார்க்கு இதன் அருமை புரியும்.

வீழ்ச்சியும் எச்சமும்

1071இல் மான்சிகர்ட் போரில் பெற்ற தோல்வி, வெனிஸ் நகர வணிகருக்கு அளித்த வரிச்சலுகை, உட்பகை ஆகியன பேரரசை அரித்தன. 1204இல் சிலுவைப் படையினர், தம் சமயத்தவர் நகர் என்றும் பாராது கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையிட்டனர். 1261இல் நகர் மீண்டும் கிரேக்கர் வசமாயிற்று. பழைய வலிமை வரவில்லை. 1453 மே 29ஆம் நாள், 21 வயதே நிரம்பிய இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றினான். கடைசிப் பேரரசன் பதினோராம் கான்ஸ்டன்டைன் மதிலருகே போரிட்டு மாண்டான்.

இதனால் மிளகுவழி அடைபட்டது என்னும் பாடத்தை இப்போது சீர்தூக்கலாம். போர்த்துக்கேயர் 1415இலேயே ஆப்பிரிக்கக் கரையில் கால்வைத்துவிட்டனர். நம் மிளகு பெரும்பாலும் செங்கடல், எகிப்து வழியே வெனிசுக்குச் சென்றது. எகிப்து துருக்கியர் கைக்கு வந்தது 1517இல்தான். காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே காமாவின் வருகைக்குக் காரணம் அடைபட்ட வழியைவிட, இடைத்தரகரை ஒழித்து ஊதியம் முழுவதையும் தாமே கொள்ளும் வேட்கையே எனல் பொருந்தும்.

பேரரசு மாண்டபின்னும் அதன் எச்சம் நம்மிடையே உண்டு. ஜஸ்டினியனின் சட்டத்திரட்டு 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொலோனா நகரில் மீண்டும் பாடமாயிற்று. அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவி, 1804இல் வெளிவந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு அடித்தளமாயிற்று. அச்சட்டம் 1819இல் புதுச்சேரிக்கு வந்தது. டச்சுக்காரர் வழியாக இலங்கைக்குச் சென்ற உரோம-டச்சுச் சட்டம் அந்நாட்டின் பொதுச்சட்டமாக இன்றும் விளங்குகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை 1707இல் எழுத்துருப் பெற்றதும் அந்த டச்சு ஆட்சியிலேயாம். 863இல் ஸ்லாவியரிடையே சென்ற சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தார் தொடங்கிய எழுத்துப்பணி, பின்னர் உருசிய எழுத்தாக வளர்ந்தது. கிழக்குத் திருச்சபையும் அவ்வரசின் எச்சமே.

முடிவுரை

மதில் இடிந்தது, அரியணை போயிற்று, பெயரும் மாறிற்று. எஞ்சியவை சட்டமும் ஏடும். இரண்டும் எழுத்து. படைத்தலைவரால் நிலைக்காத அரசு, பெயர் அறியப்படாத எழுத்தரால் நிலைத்தது.

இதில் நமக்குரிய கடமை தெளிவு. உத்திரமேரூர்க் கல்வெட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கப்பட்டதனால் உலகறிந்தது. தலைநகர் ஆணைநூலும் ஜெனீவாவில் கண்டெடுக்கப்பட்டு 1893இல்தான் அச்சேறியது. கண்டவர் ஒருவர் இல்லையேல் இரண்டும் இருந்தும் இல்லாதவையே. நம் வட்டாரத்துச் சிறுகோயில்களின் அடித்தளத்திலும், ஏரி மதகிலும், வயல் நடுவிலும் எழுத்துகள் இருக்கின்றன. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசியும் மணலை வீசித் தேய்த்தும் அவற்றை அழித்த கொடுமை தமிழகத்தில் பல இடங்களில் நேர்ந்துள்ளது. அழிந்த எழுத்தை எந்தப் பேரரசாலும் மீட்க இயலாது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், கவிதையும் சொற்பொழிவும் வளர்த்ததோடு, இனிவரும் பத்தாண்டில் ஊர்தோறும் உள்ள எழுத்துகளைக் கண்டு, படமெடுத்து, படித்துப் பதிவுசெய்யும் பணியையும் மேற்கொள்ளுமாயின், ஹைடல்பர்க் ஏட்டை எழுதிய அந்தப் பெயரறியா எழுத்தருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கைத் தீர்த்தவராவோம்.